நான்காம் நபரின் வரைபடம்

மேடிசன்,
ஜனவரி 12

அன்புள்ள கார்ஸ்டனுக்கு,

கொரீன் எழுதுவது. நலமா? நானும் லின்னேயாவும் நலம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இன்னொரு வக்கீல் நோட்டீஸோ என்று பயந்திருப்பாய். அதெல்லாம் ஒன்றுமில்லை. விவாகரத்தாகி மூன்று வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மின்னஞ்சலை நீ திறப்பதேயில்லை, போனில் நான் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் காகிதம்.

லின்னேயாவுக்கு ஹாக்கியில் கோல் காக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை முன்பல்லில் ஒரு துண்டு போய்விட்டது. நான் பதறிக்கொண்டு ஓடினால், "அம்மா, மானத்த வாங்காத, எல்லாரும் பாக்குறாங்க" என்று விரட்டிவிட்டாள். அவளுடைய வாய் அப்படியே என் வாய் என்று நீ சொல்வது கேட்கிறது. பல்லைக் கட்டியாகிவிட்டது, செலவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன வாரம் அவளிடம் போனில் பேசும்போது உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டியதைச் சொன்னாயாம். "செவப்பா என்னமோ ஒண்ணு நட்டு வச்சிருந்தாங்க, அதச் சுத்திக்கிட்டு போயிட்டேன்" என்று சிரித்தாயாம். கார்ஸ்டன், விளையாட்டுக்குத்தானே சொன்னாய்? அந்த ஏரித் தீவுக்குக் குடிபோன முதல் குளிர்காலத்தில், வழி தெரிவதற்காகப் பனிப்பாதையின் இரண்டு பக்கமும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டுவைக்கப் போனவன் நீ. பனி மெலிந்த இடத்தில் சிவப்புக் கொடி வைப்பார்கள் என்று எனக்குச் சொன்னவனே நீதான். அவள் அதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நம் மூளை ஆராய்ச்சி லேபில் எல்லாம் பழையபடிதான். ஹாலிஸ் இன்னமும் தலைவி, இன்னமும் மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் தாமதம். மாய் ஷியோங் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வாசா ஊரிலிருந்து வந்த பெண், கெட்டிக்காரி, எதையும் லேசில் விடமாட்டாள். நம்மைப் போன்ற ஐந்து பேர் ஸ்கேனருக்குள் படுத்துக் கதை கேட்டோமே, அந்தப் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்துப் புது மாடலில் போட்டுப் பார்க்கிறாள். பதிவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், அதனால் நான்காம் நபர் யாரென்று அவளுக்குத் தெரியாது. லேபில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

சேரும்போது நாமெல்லாம் ஒரு ஒப்புதல் படிவம் நிரப்பினோம், நினைவிருக்கிறதா? ஆராய்ச்சியின்போது மூளையில் வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால் உங்களிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு கட்டம் இருந்தது. நீ வேண்டாம் என்பதில் டிக் போட்டாய். உன் மனசு இப்போது மாறியிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன், படிவங்களையெல்லாம் புதுப்பிக்கிறார்கள்.

லின்னேயாவின் பள்ளிக்கூடத்துக்காக இன்னொரு உதவி. உன் ஜன்னலில் தீனி வைக்கிறாயே, அங்கே வரும் பறவைகளின் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. புத்தகத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

சீக்கிரம் பதில் போடு. பதில் வரும்வரை ஏரியின் மேல் தனியாக ஓட்டாதே. இதை ஒரு பழைய சினேகிதி கேட்பதாக வைத்துக்கொள்.

கொரீன்

*

மேடிசன்,
ஜனவரி 29

அன்புள்ள கார்ஸ்டன்,

உன் பதில் நேற்று வந்தது. அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு மறுபடி படித்தேன்.

"சின்னது, பழுப்பு. இன்னொரு சின்னது, தலையில் கறுப்பு. பெரியது, மரத்தைக் கொத்தும். எல்லாம் நல்ல பறவைகள்" என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "லின்னேயா போனில் சிக்கடீ, சிக்கடீ என்றாள். சிக்கடீ என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். இந்த மாநிலத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த பறவை அது. நம் தேன்நிலவில் ஏதோ ஒரு குருவியின் குரலுக்காகப் படகில் நான்கு மணி நேரம் என்னைக் கொசுக்கடியில் உட்கார வைத்தவன் நீ. பதினோரு வகைச் சிட்டுக்குருவியைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வாய். நானும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவேன், எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். டீச்சரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. உன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்தப் பட்டியலைக் கேட்டேன். படிவம் புதுப்பிக்கிறார்கள் என்றதும் பொய். அந்தக் கேள்விக்கு, "எந்தக் கட்டம்?" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நீ அன்றைக்கு டிக் போட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன். உன் அப்பா அப்போது சுப்பீரியர் ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தார். உன்னைப் பார்த்து, "நீங்க நல்ல ஆளு, உங்க பேரென்ன" என்று கேட்டார். நீ காரில் வரும்போது என்னிடம், "நானும் இப்படி ஆகப்போறேன்னா எனக்கு முன்னாடியே தெரிய வேணாம், கொரீன். ஒரு நாளாவது நிம்மதியா இருந்துட்டுப் போறேன்" என்றாய். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் மனதில் இருக்கிறது. இருந்தும் அதை மீறப்போகிறேன். படிக்கப் பிடிக்கவில்லையென்றால் இங்கேயே மடித்து வைத்துவிட்டு டுலூத் நகரத்துக்குப் போய் நரம்பு மருத்துவரைப் பார். காரணம் தெரியாமலே போ. அது போதும்.

படிக்கிறாயென்றால் முதலிலிருந்து சொல்கிறேன். நீயும் நானும் ஒன்றாகச் செய்த வேலைதான், ஆனாலும் சொல்கிறேன். உன் தலைக்கென்று அச்சு எடுத்துச் செய்த நுரைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தக் குழாய்க்குள் படுப்பாய். காதில் கதை ஓடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூளையின் மேற்பரப்பில் எந்த மூலையில் இரத்தம் கூடுகிறது என்று ஸ்கேனர் பார்க்கும். கம்ப்யூட்டர் மாடல், சொற்களின் பொருளை எண்களாக்கி, எந்தச் சொல்லுக்கு எந்த மூலை எழும்பும் என்று முன்கூட்டியே சொல்லப் பழகும். அது சரியாகச் சொன்னால் அந்த இடத்துக்கு நிறம் பூசுவோம். மனிதர்களுக்குச் சிவப்பு, இடங்களுக்குப் பச்சை, சாமான்களுக்கு நீலம். ஒருவன் மனதில் பொருள் எங்கெங்கே குடியிருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடம். உன்னுடைய வரைபடம் சுவரில் எல்லோருடையதையும் விடப் பளபளவென்றிருக்கும். அதில் உனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரே சோதனைக் கதையைப் போடுவோம், அந்தத் தொலைந்த நாய்க்குட்டிக் கதை. போன வருடத்தைவிட இந்த வருடம் அதற்குக் கிடைக்கும் பதில் குறைந்திருந்தால் கோளாறு ஸ்கேனரில் என்று எடுத்துக்கொண்டு, குறைந்த அளவுக்குத் தூக்கிச் சரிசெய்வோம். அந்தப் புரோகிராமை எழுதியது நான். ஸ்கேனர் பழசு, அடிக்கடி மக்கர் செய்யும், எனவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் அதே கணக்குதான். நான்கு பேருக்கு அது ஒரு சிட்டிகைதான் தூக்கியது. உனக்கு வருடா வருடம் மேலும் மேலும் தூக்கியிருக்கிறது. உன் குறிப்பேட்டில் "தூக்கக் கலக்கம், கவனிக்கவில்லை" என்று என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்பது இடத்தில்.

மூன்று வருடத்துக்கு முன் போலந்திலிருந்து ஒரு மாணவர் எழுதிக் கேட்டார். நம் பதிவுகளைத்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருந்தோமே. நான்காம் நபருக்கு மட்டும் ஏன் இவ்வளவு திருத்தம் என்று கேட்டார். "ஸ்கேனர் கோளாறு, திருத்திய பதிப்பைப் பயன்படுத்தவும்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் போதும்.

மாய் திருத்தாத பதிவுகளை எடுத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மடிக்கணினியோடு வந்து நின்றாள். "கொரீன், நாலாவது ஆளுக்கு இந்த எடம் மட்டும் வருஷா வருஷம் காலியாயிட்டே வருது. உங்க புரோகிராம் அத ரொப்பிட்டே வந்திருக்கு. ஏன்?" என்றாள். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுக்குக் கீழே, சொற்களின் பொருளையெல்லாம் சேர்த்து வைக்கும் பகுதி. அங்கே எப்போதும் படம் மங்கலாகத்தான் விழும், அதனால் எல்லா லேபிலும் அதைச் சாம்பல் நிறத்தில் மூடிவிட்டு மேலே போய்விடுவோம். அவள் அந்தச் சாம்பலையும் விலக்கிப் பார்த்திருக்கிறாள். நான் சாண்ட்விச்சை மென்றபடி, "அந்த ஆள் தூங்கிடுவான்ப்பா, அவன் கதையே அப்படித்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "கண் கேமரா வீடியோ அத்தனையும் பாத்துட்டேன். அவர் ஒரு தடவகூட தூங்கல. கண்ணை அகலத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேக்குறாரு" என்றாள்.

சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டேன், கார்ஸ்டன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். வீட்டிலும் இதே கதைதான் நடந்தது என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி இரண்டு வருடம் என்னென்ன சொல்லி உன்னைக் கிழித்தேன்! முட்டை அடிக்கிற கம்பியைக் கேட்டால் "எது அது?" என்று நிற்பாய். "வேல செய்ய ஒடம்பு வணங்கலன்னா நேரா சொல்லு, இந்த நாடகம் வேணாம்" என்பேன். என் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை, கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று வக்கீலிடமும் சொன்னேன். நீ ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அதையும் திமிர் என்று நினைத்தேன்.

மறுநாளே ஹாலிஸிடம் போனேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, "இது ஆராய்ச்சி, நோய் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல. அவனே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கான். நீ வாயத் தொறந்தா அப்புறம் யாரு நம்மள நம்பி அந்தக் குழாய்க்குள்ள படுப்பாங்க?" என்றாள். "அப்ப அவன் ஏரியில முழுகட்டும்ங்கிறியா?" என்று கத்திவிட்டேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளும் உன்னோடு ஆறு வருடம் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வந்தவள்தானே. நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், மார்ச் இரண்டாம் வாரம் கூடுவார்களாம். அதுவரை சொல்லக் கூடாது. மார்ச் இரண்டாம் வாரம் அந்த ஏரியில் பனி எவ்வளவு மெலிந்திருக்கும் என்று குழுவில் யாருக்குத் தெரியும்?

நான் மருத்துவரில்லை. என் கணக்கு தப்பாக இருக்கலாம். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று நானே மாணவர்களைத் திட்டியிருக்கிறேன். ஸ்கேனர்தான் கெட்டிருக்கிறது என்று யாராவது நிரூபித்தால் அவர் காலில் விழத் தயார். ஆனால் நீ அனுப்பிய பட்டியல் எந்த ஸ்கேனரிலிருந்தும் வரவில்லை. உனக்குப் பெயர் மட்டும் மறக்கிறது என்றால்கூட இவ்வளவு பயப்படமாட்டேன். அந்தச் சிவப்புக் கொடி எதற்கு என்பதே உனக்குப் போய்விட்டது. அதுதான் எனக்குப் பயம்.

வண்டியைத் தொடாதே. வேலைக்கு யாராவது கூப்பிட்டால் அவர்களையே வந்து அழைத்துப் போகச் சொல். பதில் எழுத வேண்டாம், போன் செய். சண்டை போடமாட்டேன், சத்தியமாக.

கொரீன்

*

மேடிசன்,
பிப்ரவரி 4

அன்புள்ள கார்ஸ்டன்,

இந்தக் கடிதம் சின்னது. சொற்களும் சின்னவை. மெதுவாகப் படி. புரியாவிட்டால் பக்கத்து வீட்டு வெஸ்டாவிடம் கொடு. அவள் படித்துக் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நன்றாகப் பேசினாய். பத்து வருடத்தில் நாம் அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேசியதில்லை. என் கடிதத்தைப் படித்ததாகச் சொன்னாய். "நீ ரொம்பக் கவலப்படுற, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்றாய். பயமே இல்லாமல் சொன்னாய். உன் பங்குக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் லின்னேயாவின் பெயரை எழுதியிருந்த நீ, பிறகு ஒன்று கேட்டாய். "உன்கூட ஒரு சின்னப் பொண்ணு இருக்குமே, அது எப்படி இருக்கு?" என்றாய். நான் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் அப்போது எதிரில்தான் உட்கார்ந்து பல் டாக்டரிடம் வாங்கிய ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் என்கிட்ட குடுக்கல என்று கோபித்துக்கொண்டாள். லைன் கட்டாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அன்றைக்கே வெஸ்டாவுக்குப் போன் செய்தேன். உன் வண்டிச் சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. அவள் எடுத்தாள் என்று கோபப்படாதே, எடுக்கச் சொன்னது நான். "நல்ல வேள கேட்ட, இந்த மனுஷன் போன வாரம் அடுப்புல பிளாஸ்டிக் வாளிய வச்சுட்டு நிக்கிறாரு. வெளையாடுறாருன்னு நெனச்சேன்" என்றாள். எல்லோரும் இப்படித்தான் நினைத்திருக்கிறோம்.

ஹாலிஸிடம் உனக்கு எழுதியதைச் சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா, போகுமா தெரியாது. அதைப் பற்றி யோசிக்க இப்போது எனக்கு நேரமில்லை. மாய்க்கு நான்காம் நபர் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, "நான் பாக்காமலே இருந்திருக்கலாம்" என்று அழுதது. நீயாவது பார்த்தாயே என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பி வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு, பனியின் மேல் ஓடும் பனிப்படகில் தீவுக்கு வந்துவிடுவேன். திங்கட்கிழமை டுலூத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். நான் உன்னோடு உள்ளே வருவேன். டாக்டர் சொல்வதை நீ கேட்க வேண்டாம் என்றால் வெளியே இரு, நான் கேட்டுக்கொள்கிறேன். தெரிய வேண்டாம் என்று இருக்க உனக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ளும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டியதற்கெல்லாம் மன்னித்துவிடு. நீ கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியே எங்கும் போகாதே. வீட்டைச் சூடாக வை, அடுப்பை மட்டும் வெஸ்டா பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பிரார்த்தனையையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் உன் அம்மா சர்ச்சுக்குக் கூப்பிட்டபோது போயிருந்தால் இன்னும் நாலு தெரிந்திருக்கும்.

நான் தனியாக வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளும் வருகிறாள். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுப் பெண், பழுப்புத் தலைமுடி, முன்பல் கொஞ்சம் கட்டியிருக்கும். கதவைத் திறந்ததும் உன்மேல் பாய்ந்து கட்டிக்கொள்வாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் நீ தப்பு செய்யாமல் இருந்தால் போதும். கீழே உள்ள வரிகளை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள், கதவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை பார்.

அவள் உன் மகள். பெயர் லின்னேயா. பெயர் சொல்லிக் கூப்பிடு. என் பெயர் மெதுவாக வந்தால் போதும்.

கொரீன்